குடும்பத்தோடு கனூ: பிரெஞ்ச் ஆறா, கிராண்ட் ஆறா?

பருத்தித்துறையான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் எல்லோருக்கும். ஜூலை நடுவில் ஒரு வார இறுதியில் குடும்பத்தோடு கனூவில் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு) ஆறு இறங்கலாம் என்று இருக்கிறோம். எட்டுப் பேர். நான், மனைவி, மகள் (12), மகன் (8). அதோடு தங்கை, மச்சான், அவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர் (மருமகனுக்கு 14, மருமகளுக்கு 5). ரொறன்ரோ, ஸ்காபரோவில் இருந்து வெளிக்கிடுவோம்.

நான் பார்த்து வைத்திருப்பது பிரெஞ்ச் ஆறு. வோல்ஸ்லி பேயில் இறங்கி, ஃபைவ் மைல் ரேப்பிட்ஸ் (பாறைகளுக்கு நடுவே தண்ணீர் விரைந்து இறங்கும் இடங்கள்) பகுதியைக் கடந்து, 69ஆம் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் கரையேறுவது. இடையில் இரண்டு இரவு கூடாரம். காணொளிகளில் பார்த்தால் தண்ணீர் அப்படி ஒன்றும் பயங்கரமாகத் தெரியவில்லை. பெரும்பாலும் கிளாஸ் 1, கிளாஸ் 2 (ரேப்பிட்ஸின் கடினத்தைச் சொல்லும் எண், கூடக் கூடக் கடினம்). அதற்கு மேலே உள்ளதற்குக் கனூவைத் தூக்கிக்கொண்டு கரையால் நடந்து விடலாமாம்.

எல்லோரும் ஏரியில் கனூ ஓட்டியிருக்கிறோம். எனக்கும் மச்சானுக்கும் இலங்கையில் கித்துல்கலவில் ராஃப்டிங் (காற்றடித்த படகில் ஆறு இறங்குவது) போன அனுபவம் உண்டு. மகள் நன்றாக நீந்துவாள். மகன் இன்னும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

எட்டுப் பேருக்கு எத்தனை கனூ எடுக்க வேண்டும்? சின்னவளை எங்கே இருத்துவது? காரை எந்த முனையில் விடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_டு_மிசிசாகா

சாப்பாடு யார் பொறுப்பு என்று முதலில் முடிவு பண்ணுங்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

துடுப்பு_மாமா

தம்பி, ஆசை நல்ல ஆசை. பிரெஞ்ச் ஆறு வடிவான ஆறு, அதில் சந்தேகமே இல்லை. நிப்பிசிங் ஏரியில் இருந்து ஜோர்ஜியன் விரிகுடா வரை 110 கிலோமீட்டர் ஓடுகிறது. கனடாவின் மரபுரிமை ஆறுகளில் முதலாவதாக 1986இல் அறிவித்தது இதைத்தான். தோல் வியாபாரக் காலத்து நெடுஞ்சாலை அது. அந்த ரேப்பிட்ஸ்களின் அடியில் இருந்து கோடரி, துப்பாக்கி ரவை என்று பழைய வியாபாரச் சாமான்களை 1960களில் சுழியோடிகள் எடுத்திருக்கிறார்கள். கனூ ஓட்டுவதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் கவிழ்த்த சாமான்கள் அவை. இதை ஒருக்கா மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ராஃப்டிங் அனுபவத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ராஃப்டில் பின்னால் ஒரு வழிகாட்டி இருந்தார். அவர் வலி என்றால் வலித்தீர்கள், நிறுத்து என்றால் நிறுத்தினீர்கள். காற்றடித்த படகு பாறையில் முட்டினால் துள்ளிக்கொண்டு போய்விடும். கனூவில் அந்த வழிகாட்டி நீங்கள்தான். பாறையில் முட்டினால் கனூ துள்ளாது, குறுக்கே திரும்பும். ஏரியில் ஓட்டியதும் நேராகப் போகப் பழகியது மட்டும்தான். ஆற்றில் வேண்டியது பக்கவாட்டில் நகர்வது, ஓட்டத்தின் நடுவில் நிறுத்துவது, பாறைக்குப் பின்னால் உள்ள எடிக்குள் திரும்பி நுழைவது. எடி என்றால் பாறையின் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி வந்து அமைதியாக நிற்கும் இடம். அதற்குள் கனூவை நிறுத்தத் தெரியாதவர் ஆற்றில் தான் நினைத்த இடத்தில் நிற்கவே முடியாது.

அடுத்தது கிளாஸ் எண். அது தண்ணீரைப் பற்றித்தான் பேசும், கவிழ்ந்த பிறகு என்ன நடக்கும் என்று சொல்லாது. குளிர்ந்த தண்ணீர் என்றாலும், உதவி தூரத்தில் என்றாலும் ஒரு கிளாஸ் கூட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். ஃபைவ் மைல் பகுதியில் பெரும்பாலும் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை, தெருவும் இல்லை. அங்கே கிளாஸ் 2 என்பதை நான் 3 என்றுதான் படிப்பேன்.

கரையால் தூக்கிக்கொண்டு நடப்பதையும் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். மூன்று கனூ, கூடாரம், சாப்பாடு, ஐந்து வயதுப் பிள்ளை. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நடை வரும். பிள்ளைகளுக்குக் களைப்பு வந்ததும் "இது சின்ன ரேப்பிட்ஸ்தானே, ஓடிப் பார்ப்போம்" என்று யாராவது சொல்வார்கள். அங்கேதான் வினை. நெடுஞ்சாலைக்குக் கிட்ட வந்த பிறகும் ரெகொலே நீர்வீழ்ச்சியைச் சுற்றிக் கனூவைத் தூக்கிக்கொண்டு நடக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு இரவில் முடிக்க வேண்டும் என்றால் எட்டுப் பேரும் அரக்கப் பரக்க ஓட வேண்டும்.

என் கருத்து: இந்த வருடம் கிராண்ட் ஆறு. கிளென் மோரிஸில் இறங்கி பாரிஸில் (ஒன்ராறியோவில் அந்த ஆற்றங்கரையில் உள்ள ஊர்) கரையேறுங்கள். ஒரு பகல் போதும்.

சும்மா_ஒருவன்

மாமா எப்பவும் இப்படித்தான், ஆட்களைப் பயப்படுத்தியே வீட்டில் இருத்திவிடுவார். கிராண்ட் எல்லாம் ஒரு ஆறா? ஆகஸ்டில் கணுக்கால் அளவு தண்ணீர். கனூவை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். கரையில் மாடு நிற்கும். பிள்ளைகளுக்குக் காட்டை, பாறையைக் காட்டத்தானே போகிறார்கள்? பிரெஞ்சில் ஒவ்வொரு ரேப்பிட்ஸுக்கும் பிறகு அகலமான அமைதியான தண்ணீர் வரும். கவிழ்ந்தாலும் அங்கே போய் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொள்ளலாம். தொடர்ந்து இழுத்துக்கொண்டு போகும் ஆறு இல்லை அது.

துடுப்பு_மாமா

கடைசியாகச் சொன்னது சரி. அந்த அமைதியான தண்ணீர் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அது கனூவைப் பொறுக்க உதவும். பாறைக்கு நடுவில் முழங்கால் அடிபட்ட எட்டு வயதுப் பையனை அங்கிருந்து எப்படிக் கொண்டுவருவீர்கள்?

கேம்பிரிட்ஜ்காரி

நான் கிராண்ட் ஆற்றங்கரையில் குடியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் கட்சி பேசுவேன் :) கணுக்கால் தண்ணீர் என்பது பாதி உண்மை. மேலே ஃபெர்கஸ் பக்கம் ஷாண்ட் அணை இருக்கிறது, 1942இல் கட்டியது. அப்புறம் கிளை ஆறுகளில் கொனெஸ்டோகோ அணையும் குவெல்ஃப் அணையும் வந்தன. வசந்தத்தில் உருகி வரும் வெள்ளத்தைப் பிடித்து வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடுகிறார்கள். இல்லாவிட்டால் ஜூலை, ஆகஸ்டில் நிஜமாகவே இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். வறண்ட வருடங்களில் கனூவின் அடி கல்லில் உரசும், ஒன்றிரண்டு இடங்களில் இறங்கித் தள்ள நேரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதல் முறை ஆற்றில் இறங்கும் குடும்பத்துக்கு முழங்கால் ஆழத் தண்ணீர் குறை இல்லை, வரம்.

கேம்பிரிட்ஜில் இருந்து பாரிஸ் வரை ஆற்று வழியாக ஏறக்குறைய 20 கிலோமீட்டர். முழுவதும் போக வேண்டும் என்றால் கேம்பிரிட்ஜின் கால்ட் பகுதியில் பார்க்ஹில் அணைக்குக் கீழே இறங்க வேண்டும், மேலே இறங்கவே கூடாது. ஐந்து வயதுக் குழந்தையோடு அது நீளம். கிளென் மோரிஸ் கிட்டத்தட்ட பாதி வழி. அங்கிருந்து பாரிஸுக்கு மெதுவாகப் போனால் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து மூன்று நான்கு மணி நேரம். நீளமான அமைதியான தண்ணீர், நடுநடுவே கூழாங்கல் மேல் சலசலவென்று ஓடும் கிளாஸ் 1 துண்டுகள். பிள்ளைகள் கத்தும் அளவுக்கு ஆட்டம் உண்டு. பாரிஸுக்குக் கீழே பிராண்ட்ஃபோர்டு வரை இன்னும் கொஞ்சம் துள்ளல் கூடும், அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதே ஆற்றில் மேலே உள்ள எலோரா பக்கம் யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் 22 மீட்டர் செங்குத்துப் பாறைச் சுவர், கரையேற இடம் கிடையாது. குடும்பக் கனூவுக்கு அது இடமே இல்லை.

இந்தப் பகுதியில் எனக்கு உண்மையில் பயம் உள்ள இடம் ஒன்றுதான்: பாரிஸில் உள்ள பென்மன்ஸ் அணை. உயரம் குறைவு. மேலே இருந்து வரும்போது ஆற்றின் குறுக்கே ஒரு நேர்கோடு போலத்தான் தெரியும், சத்தமும் பெரிதாக இருக்காது. கீழே விழும் தண்ணீர் சுருண்டு மறுபடி அணையை நோக்கியே வரும். அதில் சிக்கினால் லைஃப் ஜாக்கெட் போட்டவரைக்கூடத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். அதற்கு முன்பே கரையேறிவிட வேண்டும். எச்சரிக்கை மிதவை போட்டிருப்பார்கள் என்று நம்பி வராதீர்கள். முதல் நாளோ அன்று காலையோ பாரிஸுக்குப் போய், ஏறும் இடத்தில் இறங்கி நின்று, ஆற்றில் இருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று மேல்பக்கம் திரும்பிப் பாருங்கள். ஒரு பெரிய மரமோ பாலமோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கும் அந்த அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், 14 வயதுப் பையன் உட்பட.

பருத்தித்துறையான்

மாமா சொன்னதைக் கேட்டு முதலில் எரிச்சல்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. மனைவி வாசித்துவிட்டு "நான் இதைத்தானே போன கிழமை சொன்னேன்" என்றார். சரி, கிராண்ட் பக்கம் சாய்கிறோம்.

கேம்பிரிட்ஜ்காரி, அந்த ஒரு அணையைத் தவிர்த்தால் வேறு ஆபத்து இல்லையா? ரேப்பிட்ஸில் வழி பார்ப்பது எப்படி? மூன்று கனூ என்றால் யார் எதில்?

கேம்பிரிட்ஜ்காரி

இருக்கிறது. வளைவின் வெளிப்பக்கம். ஆறு வளையும் இடத்தில் வேகமான தண்ணீர் வெளிக்கரைக்குத்தான் போகும். அங்கேதான் கரை அரித்து மரங்கள் ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும். தண்ணீர் கிளைகளுக்கு இடையே போய்விடும், மனிதர் போக முடியாது. கிளாஸ் 1 ஆற்றிலும் ஆளைக் கொல்வது பாறையைவிட இந்த மரங்கள்தான். வளைவு வருவதற்கு முன்பே உள்பக்கம் நோக்கி நகரத் தொடங்குங்கள். வளைவுக்குள் போன பிறகு யோசித்தால் நேரம் போதாது.

வழி பார்ப்பது: ரேப்பிட்ஸின் தலையில் தண்ணீர் வழவழப்பாக, கூர்முனை கீழ்நோக்கி இருக்கும் 'வி' போலத் தெரிந்தால் அதுதான் பாதை. கூர்முனை உங்களை நோக்கி, மேல்நோக்கி இருந்தால் அந்த முனையில் பாறை ஒளிந்திருக்கிறது. கூழாங்கல் திட்டில் ஆறு இரண்டாகப் பிரிந்தால் அதிகத் தண்ணீர் போகும் பக்கம் போங்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்தில் மரம் எதுவும் கிடக்கவில்லை என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். முனை தெரியவில்லை என்றால் மேலேயே கரையொதுங்கி நடந்து போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கால் நீட்டின மாதிரியும் ஆச்சு.

கரையில் பாய்சன் ஐவி (தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் செடி) நிறைய. மூன்று மூன்றாக இலை உள்ள செடியைத் தொட வேண்டாம் என்று குழந்தைகளுக்கு வீட்டிலேயே படம் காட்டிவிடுங்கள். ஒதுக்குப்புறம் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

துடுப்பு_மாமா

யார் எதில் என்பதற்கு நான் சொல்கிறேன். கனூவைத் திருப்புவது பின்னால் இருப்பவர். முன்னால் இருப்பவரின் வேலை பாறையை முதலில் பார்ப்பது, கனூவின் மூக்கைச் சட்டென்று பக்கம் இழுப்பது. அப்படியென்றால் ஒவ்வொரு கனூவிலும் பின்னால் ஒரு பெரியவர் கட்டாயம். நான்கு கனூ எடுத்தால் நான்கு பின்துடுப்பு வேண்டும், அது அதிகம். 17 அடிக் கனூ மூன்று போதும். நீங்கள் பின்னால், மகள் முன்னால், மகன் நடுவில். மச்சான் பின்னால், தங்கை முன்னால், சின்னவள் நடுவில். மருமகனை மனைவியோடு விடுங்கள், 14 வயதுக்காரன் முன்னால் நல்ல பலம் கொடுப்பான்.

பருத்தித்துறையான்

மனைவியைப் பின்னால் விடுவதில் பிரச்சினை இல்லை. எங்கள் வீட்டில் நேராக ஓட்டுவது அவர்தான். மச்சான்தான் கேள்விக்குறி. ஏரியிலேயே வட்டம் அடித்தவர்.

கேம்பிரிட்ஜ்காரி

அப்போ தங்கை பின்னால் உட்காரட்டுமே? பலம் வேண்டியது முன்னால். பின்னால் வேண்டியது நிதானம். ஐந்து வயதுக் குழந்தை இருக்கிற கனூவில் "மச்சான்தான் ஓட்டணும்" என்று மானப் பிரச்சினை ஆக்காதீர்கள். போவதற்கு முந்தைய வாரம் ஒரு ஏரியில் ஆளை மாற்றி மாற்றி உட்கார வைத்து, பக்கவாட்டில் இழுப்பதையும் பின்னோக்கி வலிப்பதையும் மட்டும் பழகுங்கள். யார் நிதானமோ அவருக்குப் பின் இருக்கை.

மதுரை_டு_மிசிசாகா

மச்சான் இந்த இழையைப் படிக்கிறாரா என்று ஒருவர் உறுதிப்படுத்துங்கள்.

நர்ஸ்_அக்கா

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். லைஃப் ஜாக்கெட் பற்றி யாருமே சரியாகப் பேசவில்லை.

வாடகைக் கடையில் கொடுப்பதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளுக்கு எடைதான் கணக்கு, வயது இல்லை. இங்கே பொதுவாக 14 முதல் 27 கிலோ வரை ஒரு அளவு, 27 முதல் 41 கிலோ வரை அடுத்த அளவு. உங்கள் சின்னவள் முதல் அளவில் வருவாள், மகன் எதில் என்று நிறுத்துப் பாருங்கள். வளருவான் என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது. போட்டுப் பட்டி எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு, தோள்பட்டைப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுக்கு மேலே ஏறினால் அது பெரிது. சின்னவளுக்குக் கால்களுக்கு நடுவே போகும் பட்டி உள்ளதாகக் கேளுங்கள். தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே வந்து பிள்ளை கீழே வழுகுவதை அந்தப் பட்டிதான் தடுக்கும். காற்றடைக்கும் வகை மெல்லியதாக, வசதியாக இருக்கும், ஆனால் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் விரைநீரில் ஓட்டுவதற்கும் அது அனுமதிக்கப்பட்டதே இல்லை.

கனூவில் எல்லோருக்கும் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அதோடு 15 மீட்டர் மிதக்கும் கயிறு, விசில், தண்ணீர் அள்ளும் பாத்திரம். சட்டம் "இருக்க வேண்டும்" என்கிறது. நான் சொல்வது, கால் கனூவுக்குள் வைக்கும் முன்பே மேலில் இருக்க வேண்டும், பெரியவர்களுக்கும். அப்பா கழற்றி இருக்கைக்குக் கீழே வைத்தால் மகன் எத்தனை நிமிடம் போட்டிருப்பான்?

விழுந்தால்: மல்லாக்கப் படுத்து, கால் இரண்டும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கீழ்நோக்கி. எழுந்து நிற்க வேண்டாம். எல்லோருக்கும் உடனே எழுந்து நிற்கத்தான் தோன்றும், தொடை அளவுத் தண்ணீர்தானே என்று. பாதம் இரண்டு கல்லுக்கு நடுவில் போய்ச் சிக்கினால் ஓட்டம் ஆளை முன்னால் சாய்த்து முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். முழங்காலுக்குக் கீழான, அசையாத தண்ணீருக்கு வந்த பிறகுதான் எழும்ப வேண்டும். பிள்ளைகளை இருக்கையோடு கட்டி வைப்பது வேண்டவே வேண்டாம். சின்னவள் பயத்தில் அழுதால் கட்டலாமா என்று யாராவது கேட்பார்கள், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

பழைய செருப்பு, ஃபிலிப் ஃபிளாப் எல்லாம் முதல் ரேப்பிட்ஸிலேயே மிதந்து போய்விடும். கயிறு கட்டிய பழைய ஸ்னீக்கர்ஸ் நல்லது.

சும்மா_ஒருவன்

இவ்வளவும் கேட்டுவிட்டுப் போனால் பிள்ளைகள் கனூவில் ஏறவே மாட்டார்கள் அக்கா. ஜூலைத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு குளிர்ந்த பியரோடு நிம்மதியாக மிதந்து போகிற ஆறு அது.

நர்ஸ்_அக்கா

வெதுவெதுப்பு சரிதான், ஜூலையில் குளிரைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மே மாதம் என்றால் வேறு கதை. மானிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கு இருக்கிறது. பனி உருகிய தண்ணீரில் விழுந்தால் மூச்சை அடக்க ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பதற்குப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். முதல் வெயில் கண்டதும் கனூவை இறக்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பியர் விஷயம் விளையாட்டில்லை. 2017 ஏப்ரலில் மஸ்கோகா ஆற்றில் ஒரு கனூ கவிழ்ந்து எட்டு வயதுப் பையன் இறந்துபோனான். ஓட்டியவர் மீது போதையில் கலம் செலுத்தியதாக வழக்கு. கனூ என்பது சட்டத்தில் கலம்தானா என்ற கேள்வி வந்தபோது, கலம்தான் என்று 2018இல் ஒன்ராறியோ நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் அவருக்குக் குற்றத்தீர்ப்பு. கார் ஓட்டுவதற்கு என்ன சட்டமோ அதே குற்றவியல் சட்டம்தான் துடுப்புக்கும். பாரிஸில் ஏறி, கனூவைத் திருப்பிக் கொடுத்த பிறகு குடியுங்கள். அதுவும் கார் ஓட்டாதவர்கள்.

சும்மா_ஒருவன்

அது தெரியாது. பியரை வாபஸ் வாங்குகிறேன். பிரெஞ்ச் ஆற்றை வாபஸ் வாங்கவில்லை.

துடுப்பு_மாமா

பிரெஞ்ச் ஆறு என்றாலே ரேப்பிட்ஸ் என்று ஏன் நினைக்கிறீர்கள்? 69ஆம் நெடுஞ்சாலைக்கு மேற்கே ஹார்ட்லி பேயில் இறங்கினால் ஏரி போன்ற தண்ணீர், பாறை, பைன் மரம், தீவில் கூடாரம் என்று நீங்கள் கேட்ட அவ்வளவும் கிடைக்கும். விரிகுடாவை நெருங்கி ஆறு கிளைகளாகப் பிரிந்து இறங்கும் இடம் வரை போகாமல் திரும்பிவிட்டால் ரேப்பிட்ஸ் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது காற்றையும் மோட்டர் படகுகளையும். காட்டைக் காட்ட வேண்டும் என்றால் அது ஒரு பயணம், ரேப்பிட்ஸ் பழக்க வேண்டும் என்றால் கிராண்ட் ஒரு பயணம். இரண்டையும் ஒரே மூச்சில், அதுவும் ஐந்து வயதுப் பிள்ளையோடு செய்யப் போவதுதான் பிழை.

ஃபைவ் மைலுக்குப் போகத்தான் வேண்டும் என்றால், முதலில் பெரியவர்கள் நான்கு பேரும் ஒரு வார இறுதி விரைநீர் கனூ வகுப்பு எடுங்கள். மடவாஸ்கா ஆற்றில் பாமர் ரேப்பிட்ஸ் அதற்குப் பேர்போன இடம். ஒரே ரேப்பிட்ஸைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகலாம், கீழே அமைதியான தண்ணீர். கவிழ்வதும் பாடத்தில் ஒரு பகுதி.

பருத்தித்துறையான்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த ஜூலை கிளென் மோரிஸ் முதல் பாரிஸ். அடுத்த கோடையில் வகுப்பு. பிரெஞ்ச் ஆறு பிறகு. தங்கையைக் கேட்டேன், பின்னால் இருக்கச் சம்மதம். மச்சானுக்கு விஷயம் தெரியும், இரண்டு நாளாகப் பேச்சுக் குறைவு.

இன்னொன்று. கனூ பாறையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? காணொளியில் ஒரு கனூ இரண்டாக மடிந்து கிடந்ததைப் பார்த்து மனைவி கேட்கிறார்.

துடுப்பு_மாமா

நல்ல கேள்வி, எல்லோரும் உடம்பால் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. கனூ குறுக்கே திரும்பி வயிற்றுப் பக்கத்தைப் பாறையில் கொடுத்துவிட்டது என்று வையுங்கள். அந்த நொடியில் எல்லோரும் பாறையைக் கண்டு பயந்து மறுபக்கம், அதாவது மேல்பக்கம் சாய்வார்கள். மேல்பக்க விளிம்பு இரண்டு விரல் தாழ்ந்தால் போதும், ஆறு உள்ளே ஏறிவிடும். தண்ணீர் நிரம்பிய கனூவில் அரை டன் அளவுக்குப் பாரம், மேலே இருந்து வரும் ஓட்டத்தின் அழுத்தம் வேறு. அப்படித்தான் அது பாறையைச் சுற்றி மடிகிறது.

செய்ய வேண்டியது நேர்மாறு. பாறைப் பக்கம் சாயுங்கள், கையால் பாறையைக் கட்டிப்பிடியுங்கள். விளிம்பு உயர்ந்து நிற்கும், தண்ணீர் அடியால் போகும். அப்புறம் பாறையைத் தள்ளித் தள்ளிக் கனூவை ஒரு முனைப் பக்கமாக நகர்த்தினால் கழன்று வந்துவிடும். நடுவில் இருக்கும் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்: "பாறை வந்தால் பாறைப் பக்கம்." வீட்டில் கம்பளத்தில் உட்கார வைத்துச் சத்தம் போட்டுப் பழக்குங்கள், விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள்.

தண்ணீருக்குள் விழுந்துவிட்டால் கனூவுக்கு மேல்பக்கம், அதாவது ஓட்டம் வரும் பக்கம் இருங்கள். கனூவுக்கும் பாறைக்கும் நடுவில் ஒருபோதும் போக வேண்டாம். சாமானைப் பிடிக்க ஆளை அனுப்பாதீர்கள். முதலில் தலை எண்ணுங்கள், பிறகு கனூ, அதற்குப் பிறகுதான் துடுப்பும் சோற்றுப் பாத்திரமும்.

ஆற்றில் வரிசையாகப் போங்கள். முதல் கனூவை யாரும் முந்தக் கூடாது, கடைசிக் கனூவுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. மனைவியும் மருமகனும் முன்னால், நீங்கள் கடைசி, சின்னவள் இருக்கும் கனூ நடுவில். ரேப்பிட்ஸில் ஒருவர் இறங்கி முடித்து, துடுப்பை நேராக மேலே தூக்கிக் காட்டிய பிறகு அடுத்தவர். துடுப்பைக் கிடையாகப் பிடித்தால் நில் என்று அர்த்தம். விசில் ஒரு முறை என்றால் என்னைப் பார், மூன்று முறை என்றால் ஆபத்து. மகனிடம் விசிலைக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நாள் முழுக்க ஆபத்துதான்.

மதுரை_டு_மிசிசாகா

இப்போதாவது சாப்பாட்டுக்கு வரலாமா? புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. கையால் சாப்பிடலாம். மட்டன் ரோல்ஸ் என்றால் ஐஸ் பெட்டி வேண்டும், ஐஸ் பெட்டி பாரம். வாய் அகலமான நீலப் பீப்பாய் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், மூடி இறுகப் பூட்டும், கவிழ்ந்தாலும் சோறு நனையாது. நான் எந்த ஆற்றிலும் கவலைப்படுவது அதற்கு மட்டும்தான்.

நர்ஸ்_அக்கா

பீப்பாய்க்குள் சோற்றோடு தண்ணீரும் போதுமான அளவு வையுங்கள். அந்த ஆற்றில் வெயில் நேரே தலையில் விழும் இடங்கள் நிறைய. யாருக்காவது ஆஸ்துமா பம்ப், எபிபென் (கடும் ஒவ்வாமைக்குப் போடும் ஊசி) தேவை என்றால் இரண்டு வைத்து, இரண்டு கனூக்களில் பிரித்து வையுங்கள். தொலைபேசியும் அப்படியே. தண்ணீரைக் குடித்துத் திணறி எடுத்த பிள்ளை அதற்குப் பிறகு இருமிக்கொண்டே இருந்தால், மூச்சு வாங்கினால், சோர்ந்து போனால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். நேராக மருத்துவமனை.

பருத்தித்துறையான்

குறித்துக்கொண்டேன். கடைசியாக, கார். எங்களிடம் இரண்டு வான். வாடகைக் கடை ஒன்றில் கேட்டேன், கனூவைக் கொண்டுவந்து தருவோம், ஆட்களை ஏற்றுவதற்கு அன்று இடம் இல்லை என்கிறார்கள்.

கேம்பிரிட்ஜ்காரி

அதற்குத்தான் சைக்கிள். கேம்பிரிட்ஜ்–பாரிஸ் பழைய ரயில் பாதையைப் பொழுதுபோக்குப் பாதை ஆக்கியிருக்கிறார்கள், ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டியே போகும், கிளென் மோரிஸ் வழியாக. ஏற்ற இறக்கம் இல்லை, காருக்கு இடம் இல்லை. காலையில் ஒரு சைக்கிளைப் பாரிஸில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் பூட்டிவிட்டு, இரண்டு வானும் கிளென் மோரிஸ் வரட்டும். முடிந்ததும் ஒருவர் சைக்கிளில் போய் ஒரு வானை எடுத்துவந்து, மற்ற வானை எடுக்க இன்னொருவரைக் கூட்டிப் போனால் போதும். மற்றவர்கள் கரையில் ரோல்ஸ் சாப்பிடலாம். இன்னொரு வழி, ஒரு வானைப் பாரிஸில் விட்டுவிட்டு மற்றதில் எல்லோரும் நெருக்கி ஏறுவது. எட்டுப் பேருக்கும் பெல்ட் வேண்டும், அதனால் அது சரிப்படாது.

பருத்தித்துறையான்

சைக்கிள் மச்சானுக்கு. கோபமும் தீரும்.

தண்ணீர் அதிகமா குறைவா என்று எப்படிப் பார்ப்பது?

கேம்பிரிட்ஜ்காரி

கிராண்ட் ஆற்றுப் பாதுகாப்பு ஆணையம், ஆற்றில் அங்கங்கே ஓட்டத்தை அளக்கும் ஒவ்வொரு அளவுகோலின் எண்ணையும் இணையத்தில் நேரடியாகப் போடுகிறது. கால்ட் அளவுகோலைப் பாருங்கள். இன்றைக்கே தொடங்கித் தினமும் ஒரு முறை பார்த்து வந்தால், எது வழக்கம், எது ஏற்றம் என்று உங்களுக்கே பிடிபடும். ஒரு நாள் எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. வியாழன், வெள்ளியில் மேலே ஃபெர்கஸ், எல்மைரா பக்கம் இடிமழை என்றால் கோடு சட்டென்று ஏறும். இங்கே வெயில் அடிக்கும், ஆறு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அப்படி ஏறினாலோ, வெள்ள எச்சரிக்கை வந்தாலோ, சனிக்கிழமை காலை போய்ப் பார்க்கும்போது தண்ணீர் பால் தேநீர் நிறத்தில் கிளைகளோடு வந்தாலோ, இறங்க வேண்டாம். பாரிஸ் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். அடுத்த வாரம் வந்தால் போச்சு.

சும்மா_ஒருவன்

படம் போடுங்கள் அண்ணை. சைக்கிளில் மச்சான் படம் கட்டாயம்.

துடுப்பு_மாமா

வான் சாவியை யார் வைத்திருப்பது என்று முடிவு செய்தாயிற்றா? பாரிஸில் ஏறிய பிறகு, சாவி கிளென் மோரிஸில் வானுக்குள்ளேயே கிடக்கும் கூட்டத்தை வருடா வருடம் பார்க்கிறேன்.

பருத்தித்துறையான்

இரண்டு சாவியும் மனைவியிடம், உடம்போடு கட்டிய நீர்புகாப் பையில். சைக்கிள் பூட்டின் சாவியும் சேர்த்து. மச்சானிடம் கொடுக்க வேண்டியது கடைசியில்தான்.